வட இத்தாலி ரயில் பயணம்: ஏழு இரவு, மூன்று அறை, ஆறு ஊர்

வட இத்தாலிக்கு ஒரு வாரம் கிடைத்தால் பலரும் செய்வது, ஊருக்கு ஓர் இரவு என்று ஐந்தாறு ஹோட்டல் போட்டுவிடுவதுதான். தினமும் காலையில் பெட்டி கட்ட வேண்டும், அடுத்த ஊரில் மதியம் வரை அறை கிடைக்காது, பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும். பாதி நாள் இதிலேயே போய்விடும். இந்தப் பகுதிக்கு அது தேவையே இல்லை. மிலானிலிருந்து வெனிஸ் 267 கிலோமீட்டர், வேக ரயிலில் இரண்டரை மணி நேரம். நடுவில் இருக்கும் பிரெஷா, வெரோனா, விச்சென்சா, பதுவா எல்லாம் ஒரே தண்டவாளத்தில் சரம் தொடுத்தது போல வருகின்றன. பெட்டியை ஓர் ஊரில் வைத்துவிட்டு, கைப்பையோடு மற்ற ஊர்களுக்குப் போய் இரவு திரும்பிவிடலாம்.

நான் பரிந்துரைப்பது இதுதான்: மிலானில் 2 இரவு, பதுவாவில் 3 இரவு, பொலோன்யாவில் 2 இரவு. வெரோனாவை வழியில் பார்த்துவிடலாம். வெனிஸ் பதுவாவிலிருந்தும், ராவென்னா பொலோன்யாவிலிருந்தும் போய்வரும் ஊர்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம். ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் கடுமை. ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி உள்ளூர்க் கடைகள் பல மூடியிருக்கும். ஏப்ரல் 25, மே 1 இரண்டும் அங்கே அரசு விடுமுறை, அந்த நாட்களில் வெனிஸைத் தவிர்த்துவிடுங்கள்.

விசா வரும்வரை எதைப் போடுவது, எதைப் போடக் கூடாது

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடைக்கு முன் நேர்முக நாள் கிடைப்பதே பாடு என்பதால் மூன்று மாதத்துக்கு முன்பே இறங்கிவிடுவது நல்லது. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

அறைகளை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு போடுங்கள். விசா கையில் வரும்வரை மலிவு விலை ரயில் டிக்கெட் எதையும் வாங்க வேண்டாம். மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. விமானத்தைப் பொறுத்தவரை, இறங்கிய ஊரிலிருந்தே திரும்ப வேண்டும் என்று நினைக்காதீர்கள். எமிரேட்ஸ் துபாயிலிருந்து மிலான், வெனிஸ், பொலோன்யா மூன்றுக்கும் பறக்கிறது. மிலானில் இறங்கி பொலோன்யாவில் ஏறினால் கடைசி நாளில் திரும்பி ஓடும் வேலை மிச்சம். விலை ஒத்துவராவிட்டால் மிலானுக்கே திரும்பலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு ஆணி அடியுங்கள்

ரயில் நேரத்தைப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. இந்த வழியில் இரண்டு இடங்களை நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் பார்க்க முடியும். ஒன்று, மிலானின் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ டா வின்சி வரைந்த கடைசி இராப்போஜனம். மற்றது, பதுவாவில் ஜோத்தோ வரைந்த ஸ்க்ரோவெனி சிற்றாலயம். இரண்டிலும் சிறு குழுக்களாக விடுவார்கள், உள்ளே 15 நிமிடம்தான்.

லியோனார்டோ ஓவியத்துக்கான டிக்கெட்டுகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாகத் திறப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். திங்கட்கிழமை விடுமுறை. இந்த இரண்டு நேரங்களும் கிடைத்த பிறகு, அவற்றைச் சுற்றி மற்ற நாட்களை அடுக்குங்கள். நான் ஒருமுறை ரயிலை முதலில் வாங்கிவிட்டு ஓவியத்துக்கு நேரம் தேடினேன். மிலானை விட்டுக் கிளம்பிய மறுநாளில்தான் இடம் இருந்தது.

எந்த ரயிலுக்கு என்ன டிக்கெட்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அபராதம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ரயில்களை இரண்டு சாதியாக மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று வேக ரயில்: அரசு நிறுவனமான ட்ரெனித்தாலியாவின் ஃப்ரெச்சாரோஸா, 2012 முதல் ஓடும் தனியார் நிறுவனமான இத்தாலோ. இவை மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும். இருக்கை எண்ணோடுதான் டிக்கெட், குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டும் செல்லும். விலை விமான டிக்கெட் போல ஏறும். ட்ரெனித்தாலியாவில் பேஸ், எகானமி, சூப்பர் எகானமி என்று மூன்று விலை காட்டும். பேஸ் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம், சூப்பர் எகானமி மலிவு ஆனால் கல்லில் எழுதியது மாதிரி. இரண்டு நிறுவனங்களின் விலையையும் தனித்தனியே பார்த்துவிட்டு வாங்குங்கள், ஒன்றின் தளத்தில் மற்றதன் ரயில் வராது.

மற்றது வட்டார ரயில், அவர்கள் ரெஜொனாலே என்பார்கள். வேலோச்சே என்று கூடச் சேர்ந்திருந்தால் சில நிறுத்தங்களை விட்டுவிட்டுப் போகும். இதற்கு இருக்கை எண் கிடையாது, விலை எப்போதும் ஒன்றே, தீர்ந்துபோகவும் போகாது. ஆகவே இதை மாதக்கணக்கில் முன்கூட்டி வாங்குவதில் லாபமே இல்லை. அன்று காலை வானிலை பார்த்துவிட்டு வாங்கலாம்.

வட்டார ரயில் டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, தொடங்கி வைக்க வேண்டும். இயந்திரத்தில் எடுத்த காகித டிக்கெட் என்றால், ஏறுவதற்கு முன் நடைமேடைக்குப் போகும் வழியில் சுவரிலோ தூணிலோ இருக்கும் சிறு பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். தேதியும் நேரமும் மங்கலான எழுத்தில் ஓரத்தில் பதிந்ததா என்று திருப்பிப் பாருங்கள். மை தீர்ந்த பெட்டிகளும் உண்டு, அப்போது அடுத்த பெட்டிக்குப் போங்கள். கைப்பேசியில் வாங்கியது என்றால் ஏறும் முன் செயலியில் செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதகர் வந்த பிறகு அழுத்தினால் எடுபடாது. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அபராதம் கட்டிய குடும்பம் ஒன்று, வெரோனாவிலிருந்து கிளம்பிய ரயிலில் எனக்கு எதிர் இருக்கையில் இருந்தது. அந்தத் தாயின் முகம் இன்னும் மறக்கவில்லை. வேக ரயிலுக்கு இந்தச் சடங்கு கிடையாது.

அப்படியானால் எதை எங்கே? ஒரு மணி நேரத்துக்குள் முடியும் தூரத்துக்கு வட்டார ரயில், அதற்கு மேல் வேக ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதுவாவிலிருந்து வெனிஸுக்கு வட்டார ரயிலில் அரை மணி நேரம் போல ஆகும், சுமார் 5 யூரோ. வேக ரயில் சில நிமிடமே மிச்சம் பிடிக்கும், விலையோ பல மடங்கு. மாறாக மிலான்–பொலோன்யா வேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிடத்துக்குள், வட்டார ரயிலில் மூன்று மணி நேரத்தை நெருங்கும். அங்கே வேக ரயிலுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. ஐரோப்பிய ரயில்களுக்கு ஒரே சீட்டாக விற்கும் யூரெயில் பாஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இவ்வளவு குறுகிய பயணத்துக்கு வேண்டாம். பாஸ் இருந்தாலும் ஃப்ரெச்சாரோஸாவில் இருக்கைக்குத் தனியே பணம் கட்ட வேண்டும்.

பலகையைப் படிப்பது

ஊர்ப் பெயரை இத்தாலியப் பெயரில் தேடுங்கள்: மிலானோ, வெனெட்சியா, பாதோவா. நம் கோடி அற்புதர் அந்தோணியாரின் பதுவைதான் இந்தப் பாதோவா.

நிலையத்துப் பலகையில் ரயிலின் கடைசி நிறுத்தம்தான் பெரிதாக இருக்கும். மிலானிலிருந்து வெரோனா போகிறவர் வெரோனா என்ற பெயரைத் தேடிக்கொண்டே நிற்பார், அவருடைய ரயில் வெனெட்சியா என்ற பெயரில் புறப்பட்டுப் போயிருக்கும். டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணைப் பார்த்து எண்ணோடு எண்ணைப் பொருத்துங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணைகளில் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. பினாரியோ என்றால் நடைமேடை, ரித்தார்தோ என்றால் தாமதம், கரோட்ஸா என்றால் ரயில் பெட்டி. இன்னொரு சொல் ஷோப்பெரோ, வேலைநிறுத்தம். இது அங்கே வாடிக்கை, பல நாள் முன்பே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். வார நாட்களில் வேலைநிறுத்தம் நடந்தாலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் உறுதியாக ஓடும். கிளம்பும் வாரத்தில் ஒருமுறை செய்தி பார்த்துக்கொள்ளுங்கள், பாதி கவலை தீரும்.

நாள்வாரியாக

மிலானில் மல்பென்சா விமான நிலையத்திலிருந்து மிலானோ செந்திராலேவுக்கு நேர் ரயில் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். செந்திராலே 1931இல் திறந்த நிலையம், 24 நடைமேடை, கோயில் மண்டபம் போன்ற உயரம். டிக்கெட் உள்ளவர்களை மட்டுமே நடைமேடைப் பக்கம் விடுவார்கள். வாசல் கதவு வரிசைக்கும் சேர்த்து 20 நிமிடம் முன்னால் போங்கள். இயந்திரத்தில் டிக்கெட் எடுக்கும்போது உதவ வருகிறேன் என்று யாராவது பக்கத்தில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிலானில் ஒரு முழு நாள் போதும்: ஓவியம், பேராலயம், அதன் கூரை.

மூன்றாம் நாள் காலை மிலானிலிருந்து வெரோனாவுக்கு வேக ரயில், ஒன்றேகால் மணி நேரம். இருக்கை தேர்ந்தெடுக்கும்போது போகும் திசைக்கு இடப்பக்கம் ஜன்னலோரம் கிடைக்குமா பாருங்கள். பிரெஷா தாண்டிக் கொஞ்ச நேரத்தில், தெசென்சானோவை ஒட்டி, கார்தா ஏரி நீலமாகத் தெரியும். கண் அசந்தால் போய்விடும். அதே இடத்தில் வலப்பக்கம், தெற்கே சில கிலோமீட்டரில் கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூர் இருக்கிறது. 1680இல் வீரமாமுனிவர் பிறந்த ஊர் அது. அங்கே ரயில் நிலையம் இல்லை. தெசென்சானோவில் இறங்கி டாக்சியில் போக வேண்டும், ஒரு நாள் கூடுதலாக இருந்தால் போய்வாருங்கள். தேம்பாவணி எழுதிய கை முதலில் எழுத்துப் பழகிய மண்ணைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. போனேன். மறுபடியும் போவேன்.

வெரோனா போர்தா நுவோவா நிலையத்தில் பெட்டி வைக்கும் இடம் உண்டு. அங்கே பெட்டியை விட்டுவிட்டு நேர்த் தெருவில் இருபது நிமிடம் நடந்தால் அரேனா. ரோமானியர் காலத்து வட்டரங்கம், இன்றும் கோடையில் இரவு ஓபரா நடக்கிறது. 1913இல் இசையமைப்பாளர் வெர்தியின் நூற்றாண்டுக்கு அவருடைய ஐதா ஓபராவைப் போட்டதில் தொடங்கிய வழக்கம். ஓபரா பார்க்க வேண்டுமானால் அன்றிரவு அறை வெரோனாவிலேயே போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான்கைந்து மணி நேரம் சுற்றிவிட்டு மாலை வட்டார ரயிலில் பதுவாவுக்குக் கிளம்பலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

பதுவாவில் மூன்று இரவு என்றால் பலரும் ஏன் என்று கேட்கிறார்கள். வெனிஸை விட அறை வாடகை குறைவு, நிலையத்தைச் சுற்றிப் பாலமோ படியோ கிடையாது என்பது ஒரு காரணம். ஆனால் ஊரே பார்க்க வேண்டிய ஊர் என்பதுதான் எனக்குப் பெரிது.

ஸ்க்ரோவெனி சிற்றாலயம் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. குறித்த நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். முதலில் கண்ணாடி அறை ஒன்றில் 15 நிமிடம் உட்காரவைப்பார்கள். நம் மூச்சின் ஈரமும் ஆடையில் ஒட்டிய தூசியும் சுவரைக் கெடுக்காமல் இருக்கக் காற்றைச் சமப்படுத்துகிறார்கள். பிறகு கதவு திறக்கும். மேலே முழுக்க நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். 1305ஐ ஒட்டி முடித்த ஓவியங்கள். யூதாஸ் இயேசுவை முத்தமிடும் காட்சியில் அவனுடைய மஞ்சள் மேலாடை இயேசுவை அப்படியே மூடிக்கொள்கிறது. சுற்றிலும் தீப்பந்தமும் ஈட்டியும் அலைமோத, இரண்டு முகங்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி அசையாமல் நிற்கின்றன. கிடைக்கும் 15 நிமிடத்தில் முதல் ஐந்தைப் படம் எடுக்காமல் சும்மா பாருங்கள்.

அந்தோணியார் பேராலயத்துக்கு நிலையத்திலிருந்து ட்ராம் போகிறது, நடந்தால் அரை மணி நேரம். புனிதர் 1231 ஜூன் 13 அன்று இறந்தார், மறு ஆண்டே ஆலயம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே கல்லறையின் பின்பக்கம் ஒரு கல் பலகை. வரிசையில் வருகிறவர்கள் அதில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி, சில நொடி நிற்கிறார்கள். பிள்ளைகளின் புகைப்படம், நன்றிக் கடிதம் எல்லாம் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். உவரிக்கும் புளியம்பட்டிக்கும் கச்சத்தீவுக்கும் போய்ப் பழகியவர்களுக்கு இந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள்.

வெனிஸ் போகும்போது ஒன்றை மனதில் வையுங்கள். வெனெட்சியா மெஸ்த்ரே என்பது கரையில் உள்ள புறநகர். அங்கே எல்லோரும் எழுந்து நின்றாலும் இறங்காதீர்கள். அடுத்தது சாந்தா லூசியா, அதுதான் தீவு. இரண்டுக்கும் நடுவில் 1846இல் கட்டிய பாலத்தில் ரயில் கடலுக்கு மேல் பத்து நிமிடம் ஊர்ந்து போகும், இரண்டு பக்கமும் தண்ணீர். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படிக்கட்டு, படிக்கட்டின் கீழே நேராகப் பெரிய கால்வாய், எதிர்க்கரையில் சான் சிமியோனே ஆலயத்தின் பச்சைக் குவிமாடம். அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

படகுப் பேருந்து டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ. ஒருமுறை மட்டும், எண் 1 படகில் முழுக் கால்வாயையும் பாருங்கள், மற்றபடி நடப்பதே நல்லது. 2024 முதல் கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகள் நுழைவுக் கட்டணம் செலுத்தி, கைப்பேசியில் குறியீடு வாங்கியிருக்க வேண்டும். 2025இல் முன்கூட்டி வாங்கியவர்களுக்கு 5 யூரோ, கடைசி நாட்களில் வாங்கியவர்களுக்கு 10. பதுவாவில் தங்குகிற நாமும் பகல் பயணிகள்தான். மாநகராட்சித் தளத்தில் உங்கள் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெனிஸ் போகும் நாளில் இருட்டும்வரை இருங்கள். மாலை ஆறுக்குப் பிறகு கூட்டம் வடிந்து, சந்துகளில் நம் காலடிச் சத்தமே கேட்கும். திரும்பும் கடைசி ரயில் நேரத்தை மட்டும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் பதுவாவிலிருந்து பொலோன்யா, வேக ரயிலில் ஒரு மணி நேரம். ஊர் முழுக்கத் தெருவோரம் தூண் வைத்த நடைக்கூடங்கள், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. மழையோ வெயிலோ குடை வேண்டாம். மறுநாள் காலை வட்டார ரயிலில் ராவென்னா, ஒன்றேகால் மணி நேரம் போல. 5, 6ஆம் நூற்றாண்டு மொசைக்குகள் அங்கே. கல்லா பிளசிதியா கல்லறை மாடத்துக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழகத் தலைக்கு மேல் கருநீல வானம் மெல்ல எழும்பும்.

சாப்பாடு

சைவர்கள் பொலோன்யாவில் கவனமாக இருங்கள். தொர்த்தெல்லினி என்றால் இறைச்சி. தொர்த்தெல்லோனி என்றால் பெரும்பாலும் ரிக்கோத்தா பாலாடைக்கட்டி வைத்தது, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். மிலானின் மஞ்சள் ரிசோத்தோ பார்க்கச் சைவம் போல இருக்கும், ஆனால் வழக்கமாக மாட்டு எலும்பு மஜ்ஜையில் செய்வது. செந்த்சா கார்னே, செந்த்சா பேஷே என்று சொல்லுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். நிலையத்துக் காப்பிக் கடைகள் பலவற்றில் முதலில் கல்லாவில் காசு கட்டி, ரசீதோடு போய் நின்றபடியே குடிக்க வேண்டும்.

திரும்பும் நாள்

பொலோன்யா செந்திராலே இரண்டு அடுக்கு நிலையம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மிலான் வேக ரயில்கள் பெரும்பாலும் 16 முதல் 19 வரையிலான நடைமேடைகளில் வரும். அவை 2013இல் திறந்தவை, தரைக்கு அடியில் வெகு ஆழத்தில் இருக்கின்றன. மேலே 3 என்றும் 3 ஓவெஸ்ட் (மேற்கு) என்றும் இரண்டு வேறு நடைமேடைகள் வேறு. அம்மாவோடு போனபோது ராவென்னா ரயிலிலிருந்து மிலான் ரயிலுக்கு மாற 12 நிமிடம் போதும் என்று தனித்தனி டிக்கெட் வாங்கியிருந்தேன். அம்மாவின் முழங்காலுக்கு ஒவ்வொரு நகரும் படியாகத் தேடி இறங்குவதற்குள் ரயில் போய்விட்டது. மலிவு டிக்கெட், பணமும் போனது. இங்கே மாறுவதென்றால் அரை மணி நேரம் வையுங்கள், பெரியவர்கள் இருந்தால் இன்னும் கூடுதலாக.

அந்த நேரத்தில் முதல் நடைமேடைப் பக்கம் உள்ள காத்திருப்பு அறைக்குப் போங்கள். 1980 ஆகஸ்ட் 2 காலை அங்கே வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். சுவரில் பெயர்கள் இருக்கின்றன. வெளியே சதுக்கத்தைப் பார்த்த கடிகாரம் 10:25லேயே நிற்கிறது. பழுது என்று நினைத்துவிடாதீர்கள், நேரத்துக்குக் கைப்பேசியைப் பாருங்கள்.

விமானம் பொலோன்யாவிலிருந்து என்றால், நிலையத்திலிருந்து ஒற்றைத் தண்டவாள ரயில் ஏழெட்டு நிமிடத்தில் விமான நிலையத்தில் விட்டுவிடும். மல்பென்சாவிலிருந்து என்றால் பொலோன்யா–மிலான், மிலான்–மல்பென்சா என்று இரண்டு ரயில். மிலானில் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேரும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரயிலைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு ரயிலுக்கு மட்டும் பேஸ் டிக்கெட்டே வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் வேலைநிறுத்தச் செய்தி வந்தால், அன்றே மிலானுக்கு மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம்.